மின்கட்டணமும் நான்கு பேர் வேலையும்

ஹைதராபாத்துக்கு நான் பிழைக்க வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அதில் பெரும்பகுதி ஒரு தனியார் நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் கழிந்தது. கட்டடப் பராமரிப்பு, மின்கட்டணம், தண்ணீர், துப்புரவு எல்லாம் என் பொறுப்பு. பெரிய நிறுவனங்கள் 'பசுமை அலுவலகம்' என்று சொல்லிக்கொள்வதை இன்று அடிக்கடி கேட்கிறோம். அது வெறும் விளம்பரமா, உள்ளே விஷயம் இருக்கிறதா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. அதற்குப் பதில் சொல்லுமுன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கோடையில் எங்கள் அலுவலக மின்கட்டணம் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. "செலவைக் குறையுங்கள்" என்று மேலிடத்து உத்தரவு. நான் ஒன்றுவிட்டு ஒரு டியூப்லைட்டைக் கழற்றினேன். 'விளக்கை அணைக்கவும்' என்று சுவரெங்கும் எழுதி ஒட்டினேன். மூன்று மாதமாகியும் கட்டணம் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் கணக்கை நேர்செய்ய, ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களில் நால்வரை நிறுத்தினார்கள். பட்டியலில் கையெழுத்திட்டவன் நான். அவர்களில் ஒருவர் தருமபுரிப் பக்கத்து அம்மா. "எங்க நாலு பேரு சம்பளந்தான் சார் பாரமாப் போச்சா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பணம் போன வழி எது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. எங்கள் கட்டடத்தின் மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி. மாலை வெயில் அப்படியே உள்ளே இறங்கும். அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏ.சி. இரவுவரை திணறும். கண்ணாடி ஓரத்தில் இருந்தவர்களுக்கு வியர்வை. காற்று வரும் துவாரத்தின் கீழ் இருந்தவர்களுக்கு ஸ்வெட்டர். நான் கழற்றிய டியூப்லைட்டுகள் இந்தச் செலவின் முன்னே தூசு.

பாதிக்குப் பாதி ஒரு பரிசோதனை

இதைச் சரியாகப் புரிந்துகொண்டு செயல்பட்ட ஓர் உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. இன்ஃபோசிஸ் நிறுவனம் போச்சாரம் வளாகத்தில் ஏறக்குறைய 2,50,000 சதுர அடியில் ஒரு கட்டடம் எழுப்பி, 2011இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான முறையில் குளிர்காற்றை ஊதும் ஏ.சி. வைத்தார்கள். மறுபாதியில் தளக் கான்கிரீட்டுக்குள் குழாய்களைப் பதித்து, அதில் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். வெயில் அதே வெயில். கட்டட அமைப்பும் ஒன்றே. இரண்டு பாதிக்கும் தனித்தனி மின்மீட்டர். குழாய் பதித்த பாதி, குளிரூட்டுவதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தைக் குறைவாகவே எடுத்துக்கொண்டது. கட்டும் செலவும் அதிகமாகவில்லை.

இது எப்படி நடக்கிறது? உச்சி வெயிலில் மதுரைக் கோயிலின் கல்மண்டபத்துக்குள் நுழைந்ததை நினைத்துப் பாருங்கள். காற்று வீசாவிட்டாலும் உடம்பு குளிரும். சுற்றியுள்ள கல் நம் உடலைவிடக் குளிர்ந்திருப்பதால், உடலின் வெப்பம் கதிராக அதை நோக்கிப் போகிறது. போச்சாரத்துக் கூரை செய்வதும் அதே வேலைதான். மேலும், ஒரே கன அளவில், காற்றைவிட நீர் 3,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும். பெரிய விசிறிகளால் காற்றைத் தள்ளும் வேலையைச் சிறிய பம்பு செய்துவிடுகிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: ஈரக்காற்று பட்டால் கூரை வியர்த்துச் சொட்டும். அதனால் ஈரம் நீக்கிய வெளிக்காற்றைத் தனியே உள்ளே அனுப்ப வேண்டும்.

குழாய் விஷயத்திலும் ஒரு பாடம் உண்டு. அதே அளவு நீர் ஓடும்போது, குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் உராய்வு ஏறக்குறைய 32இல் ஒரு பங்காகக் குறையும். குழாய்க்குக் கூடுதலாகச் செலவிட்டால் பம்பு சிறிதாகும்; மின்சாரம் ஆயுள் முழுக்க மிச்சம்.

எந்திரத்துக்கு முன் வெயில்

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டியது, வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பது. அளவான சன்னல், அதன்மேல் நிழல் தரும் பலகை, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைக் கூரை. வெப்பம் குறைந்தால் ஏ.சி.யும் சிறிதாக வாங்கலாம்.

இன்ஃபோசிஸ் 2008ஐ ஒப்பிட, ஓர் ஊழியருக்கான மின்செலவைப் பாதிக்கும் மேல் குறைத்தது. 2015இல், முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாற உறுதி எடுத்த 'ஆர்.ஈ.100' குழுவில் இந்திய நிறுவனங்களில் முதலாவதாகச் சேர்ந்தது. 2020இல் கரிமச் சமநிலை அடைந்ததாக அறிவித்தது. இதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். புகையே இல்லை என்று அதற்குப் பொருளல்ல. குறைத்தது போக எஞ்சியதற்கு ஈடாக, கிராமங்களில் சாண எரிவாயு, புகை குறைந்த அடுப்பு போன்ற திட்டங்களுக்கு நிறுவனம் பணம் கொடுக்கிறது. ஈடு செய்வது நல்லதே. ஆனால் குறைப்பதற்கு அது மாற்றாகாது. ஆகவே ஒரு நிறுவனம் 'பசுமை' என்றால், "மின்மீட்டர் எவ்வளவு குறைந்தது?" என்பதை முதலில் கேளுங்கள்.

நாம் செய்யக்கூடியது

நம் பிள்ளைகள் பலர் அலுவலகங்களில் பொறுப்பில் இருக்கிறார்கள். எல்லோரும் புதுக் கட்டடம் கட்ட முடியாது. ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் தனி மீட்டர் வைக்கலாம். அளக்காததைக் குறைக்க முடியாது. ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 2020 முதல் நட்சத்திரக் குறியிட்ட அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி விதித்ததும் இதனால்தான். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது எடுக்கும் மின்சாரம் கணக்குப்படி எட்டில் ஒரு பங்குதான். தெலங்கானா அரசும் 2023இல் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு முன், மேற்குக் கண்ணாடிக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டவும், கூரைக்கு வெள்ளை அடிக்கவும் ஒருவழியாக அனுமதி வாங்கினேன். அடுத்த கோடையில் கட்டணம் கண்கூடாக இறங்கியது. மகிழ்ச்சியைவிட வருத்தமே மிஞ்சியது. இதை முன்பே செய்திருந்தால் அந்த நால்வரையும் அனுப்பியிருக்க வேண்டியதில்லை. தருமபுரி அம்மாவைத் தேடிப் பார்த்தேன். அவர் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்.

நம் சங்க அரங்குக்கு ஏ.சி. வாங்க வேண்டும் என்ற பேச்சு அடிபடுகிறது. வாங்குவோம், தவறில்லை. அதற்கு முன் ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எல்லோருமாகப் போய், வெயில் எந்தச் சன்னல் வழியாக உள்ளே வருகிறது என்று பார்த்துவிட்டு வருவோம். தட்டி கட்டும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.