பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஒரு தாரை

ஆள் நிறைந்த மாநகரப் பேருந்து தி.நகர் உஸ்மான் சாலை மேம்பாலத்தில் உறுமிக்கொண்டு ஏறும்போது, இன்ஜினுக்குள் எரியும் வாயுவின் வெப்பம் நொடிக்குள் 2000 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். அதைத் தலையில் வாங்குவது பிஸ்டன். அது பெரும்பாலும் அலுமினியக் கலவை. 600 டிகிரிக்கு முன்பே உருகத் தொடங்கும், 350-லேயே பாதி வலுவுக்குமேல் போய்விடும். ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டர் சுவரைச் சுற்றி ஓடலாம். பறந்துகொண்டிருக்கும் பிஸ்டனுக்குள் அதைக் கொண்டுபோக வழியில்லை.

அதனால் டர்போ டீசல் இன்ஜின்களில் கீழேயிருந்து இன்ஜின் ஆயிலைப் பீச்சுகிறார்கள். சிலிண்டருக்கு அடியில் வளைந்த சிறு குழல், நுனியில் ஓரிரு மில்லிமீட்டர் துளை, அவ்வளவுதான். சூடான பரப்பின்மீது சும்மா வழியும் திரவத்தில், பரப்பை ஒட்டிய படலம் அநேகமாக நகராமல் கிடக்கும். வெப்பத்தை வெளியே விடாமல் மறிப்பது அதுதான். நேரே வந்து அறையும் தாரை, மோதும் இடத்தில் அந்தப் படலத்தை நசுக்கி மெலிய வைத்துவிடுகிறது.

ஆனால் இலக்கு நிற்பதில்லை. நிமிடத்துக்கு 2000 சுற்றில், 12 செ.மீ. ஓட்டமுள்ள பிஸ்டன் நொடிக்கு 33 தடவை ஏறி இறங்கும். நடுவழியில் அதன் வேகம் நொடிக்கு 12 மீட்டரைத் தாண்டும். மேலே ஓடுவதைத் துரத்திப் பிடிக்கத் தாரை அதைவிட வேகமாகப் பாய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது பிஸ்டன் தலைக்குள் இருக்கும் வளையச் சுரங்கம். உப்பால் ஒரு வளையம் செய்து அச்சுக்குள் வைத்து, சுற்றிலும் அலுமினியத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் தண்ணீரைப் பாய்ச்ச, உப்பு கரைந்து சுரங்கம் மிஞ்சும். தாரை ஒரு துளை வழியே நுழைந்து, ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் குலுங்கிச் சுவரில் அடித்து, மறு துளையில் வெளியேறும். சுரங்கம் முழுக்க நிரம்பக் கூடாது. குலுங்க இடம் இருந்தால்தான் வெப்பம் இறங்கும்.

1949 முதல் இந்தியா பிஸ்டன்ஸ் இயங்கும் ஊர் சென்னை. ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடையில் ஒரு டர்போ டீசல் லாரி பிஸ்டனை வாங்கிக் கவிழ்த்துப் பாருங்கள், அந்தத் துளை தெரியும்.

பல இன்ஜின்களில் குழலுக்கு ஸ்பிரிங் வால்வும் உண்டு. சிக்னலில் வண்டி நிற்கையில் ஆயில் அழுத்தம் குறைவு. வால்வு மூடிக்கொள்ள, இருக்கிற ஆயில் பேரிங்குகளுக்குப் போகும்.

ஓவர்ஹாலின்போது கனெக்டிங் ராடு இடித்துக் குழல் லேசாக வளைந்தால் தாரை துளையைத் தவறவிடும். பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். வளைந்த குழலைக் கண்மட்டத்தில் நிமிர்த்திப் போடக் கூடாது, மாற்றிவிட வேண்டும்.