கடை வரியும் கணிப்பொறியும்

பார்தோலி தாலுகாவின் பெயரை அறியாத தேசபக்தர் நம் நாட்டில் இல்லை. 1928-ஆம் வருஷத்தில் அவ்வூர்க் குடியானவர்கள் வல்லபாய் பட்டேலின் தலைமையில் நிலவரி கொடுக்க மறுத்து நின்றார்கள். ஆனால் அவர்கள் கேட்டது என்ன என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். வரியே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. நூற்றுக்கு 22 வீதம் உயர்த்தியது எந்தக் கணக்கின்மேல் என்று கேட்டார்கள்; பட்சபாதமற்ற விசாரணை வேண்டும் என்றார்கள். முடிவில் புரூம்ஃபீல்டு, மாக்ஸ்வெல் என்ற இரு அதிகாரிகள் கிராமந்தோறும் சென்று விசாரித்தார்கள். சர்க்கார் நம்பியிருந்த குத்தகைக் கணக்குகள் நம்பத்தக்கவையல்ல என்று அவர்கள் கண்டார்கள். உயர்வு ஏறக்குறைய நூற்றுக்கு 6 என்று குறைந்தது. பார்தோலியில் வென்றது சத்தியாக்கிரகம். அது வெளிப்படுத்தியது கணக்கில் இருந்த பிழை.

இந்தப் பழைய கதையை இன்று நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. சென்னை நகரத்தின் தென் பாகத்திலும் மத்திய பாகத்திலும், மயிலாப்பூர் மாட வீதிகளிலும், தியாகராய நகரின் பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும், அடையாற்றின் பெருஞ்சாலைகளிலும் கடை வைத்திருப்போர் செலுத்தும் சொத்து வரியைக் கணக்கிடுவது இன்று கணிப்பொறி. கேட்புத் தொகையைக் காட்டுவதும், பணத்தைப் பெற்றுக்கொள்வதும், பாக்கிக்கு வட்டி ஏற்றுவதும் அதுவே. மறுபக்கத்தில் பெரிய வியாபார ஸ்தாபனங்களும் தமக்கென மென்பொருள் வைத்து, தம் கட்டடங்களின் வரியையும் அப்பீல்களையும் நடத்தத் தொடங்கியிருக்கின்றன. யந்திரம் யந்திரத்தோடு வாதாடும் இக்காலத்தில், நடுவே நிற்கும் சிறு வியாபாரியின் கதி என்ன என்பதே நமது கேள்வி.

வரி விதித்தது யார்?

சென்னை நகரசபை 1688-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 29-ஆம் தேதி ஏற்பட்டது. பிறர் விதிக்கும் வரியைக் காட்டிலும் தாமே விதித்துக்கொள்ளும் வரியை ஜனங்கள் மனமுவந்து கொடுப்பார்கள் என்பதே அதை ஏற்படுத்திய கம்பெனி முதலாளிகளின் எண்ணம். அவர்கள் எண்ணியது தம் லாபத்தை. எனினும் அவ்வெண்ணத்தில் உண்மை இருந்தது. 1919-ஆம் வருஷத்து நகரசபைச் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நகரத்தை ஆண்டது. உத்தியோகஸ்தரல்லாத முதல் தலைவராயிருந்த பிட்டி தியாகராய செட்டியார் பெயரால்தான் தியாகராய நகர் வழங்குகிறது. 1939-ல் மேயராக வந்த சத்தியமூர்த்தி நகருக்குப் பூண்டி நீர்த்தேக்கத்தை வாங்கித் தந்தார். வரி கொடுப்பவனுக்கும் நகரசபைக்கும் நடுவே ஜனப் பிரதிநிதி நிற்கவேண்டும் என்பதே இச்சரித்திரத்தின் சாரம்.

அந்தப் பிரதிநிதி சில வருஷங்கள் காணாமற் போனார். 2016-ஆம் வருஷக் கடைசி முதல் 2022-ஆம் வருஷம் பிப்ரவரித் தேர்தல் வரையில் சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபையே இல்லை. அந்த இடைக்காலத்தில்தான், 1998-க்குப் பிறகு முதன்முறையாக, 2018-ல் வரி உயர்த்தப்பட்டது. சொந்தக்காரர் வசிக்கும் வீடுகளுக்கு நூற்றுக்கு 50 வரையிலும், வியாபாரக் கட்டடங்களுக்கு 100 வரையிலும் உயர்வு விதிக்கப்பட்டது. 2019 நவம்பரில் அது நிறுத்திவைக்கப்பட்டது. அதிகமாகக் கட்டியதை வருங்கால வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். பின்னர் 2022-ல் மீண்டும் உயர்வு வந்தது. பழைய நகரப் பகுதியில் வியாபாரக் கட்டடங்களுக்கு அது நூற்றுக்கு 150. மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடையாறும் அப்பழைய நகரத்தைச் சேர்ந்தவை. 2024 அக்டோபர் முதல் மேலும் நூற்றுக்கு 6 கூடிற்று. 1919-ஆம் வருஷச் சட்டமோ 2023 ஏப்ரலில் விடைபெற்று, தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்துக்கு இடங்கொடுத்தது.

இருபது வருஷம் உறங்கிய வரி எழுந்தவுடன் துள்ளிக் குதித்தது என்பதே சுருக்கம். இருபது வருஷம் உயர்த்தாமல் இருந்ததும் நியாயமன்று. ஒரே எட்டில் இரண்டரை மடங்காக்கியதும் நியாயமன்று. ஆனால் இன்று நாம் வற்புறுத்த விரும்புவது விகிதத்தைப் பற்றியன்று. அவ்விகிதம் எந்த அளவின்மேல் ஏறுகிறது என்பதைப் பற்றி.

ஓர் அளவின் விலை

நகரசபை நெடுங்காலம் வெளியிட்டு வந்த முறை எளியதே. கட்டடத்தின் சதுர அடியைத் தெருவுக்குரிய அடிப்படை விகிதத்தால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு கிடைக்கும். அதைப் 10.92-ஆல் பெருக்கினால் வருஷ மதிப்பு. பன்னிரண்டு மாதம் இருக்கப் பத்தே சொச்சம் ஏன் என்று கேட்கலாம். மதிப்பில் பத்தில் ஒரு பங்கு நிலத்துக்கு. எஞ்சிய கட்டடப் பங்கில் பத்தில் ஒன்று தேய்மானத்துக்குத் தள்ளுபடி. ஆகவே நூற்றுக்கு ஒன்பது கழிகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு வியாபாரியின் கடை 500 சதுர அடி. விகிதம் சதுர அடிக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாத மதிப்பு 4,000. வருஷ மதிப்பு 43,680 ரூபாய். அளந்தவர் படிக்கட்டையும் பொது நடையையும் சேர்த்து 600 என்று எழுதிவிட்டால் வருஷ மதிப்பு 52,416 ஆகிறது. வித்தியாசம் 8,736 ரூபாய். அரை வருஷ வரி நூற்றுக்கு 12 என்று கொண்டால், ஒவ்வோர் அரை வருஷமும் ஆயிரத்துக்கு மேல் வீண் வரி. ஐந்து வருஷத்தில் பதினாயிரத்துக்கு மேல். இதன்மேல் உயர்வு வந்தால் பிழையும் அதே விகிதத்தில் உயரும். யந்திரம் பெருக்கலில் தவறாது. ஆனால் தவறான அளவைக் கொடுத்தால் அத்தவறை அலுப்பின்றிப் பெருக்கிக்கொண்டே போகும்.

பழைய கணக்குப்பிள்ளை தவறினால் அவரிடம் நேரே சென்று கேட்கலாம். ஏடும் பேனாவும் எதிரில் இருந்தன. இன்று வியாபாரி திரையில் காண்பது ஒரு தொகை மட்டும். எத்தனை சதுர அடி, எந்த விகிதம், எத்தனை வயதுள்ள கட்டடம், எவ்வளவு பாகம் குடியிருப்பு, எவ்வளவு பாகம் வியாபாரம் என்ற விவரங்கள் தொகையோடு சேர்ந்து நிற்கவேண்டும். மயிலாப்பூரில் கீழே கடையும் மேலே குடும்பமுமாக இருக்கும் வீடுகள் அநேகம். மேல்மாடியும் கடையாகக் கணக்கில் ஏறிவிட்டால், குடும்பமே வியாபாரச் சரக்காகிவிடுகிறது!

இரு வகை வியாபாரிகள்

பெரிய ஸ்தாபனத்துக்கு இருபது கிளைகள் இருக்கும். அதன் மென்பொருளில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பக்கம் உண்டு: மதிப்பீட்டு எண், சதுர அடி, அரை வருஷக் கேட்பு, ரசீது, அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் மதிப்பு, ஆட்சேபம் செய்யக் கடைசித் தேதி. அரை வருஷத் தொடக்கத்தில் உரிய தேதிக்குள் கட்டினால் கிடைக்கும் ஊக்கத்தொகையை அது தவறவிடுவதில்லை. 2019-ல் கழித்துக்கொள்ள வேண்டிய தொகை கழிக்கப்பட்டதா என்பதையும் அது ஒரு நொடியில் கண்டுகொள்ளும். சிறு வியாபாரிக்கோ ரசீது மேஜை அறையில் இருக்கிறது; சில சமயம் கட்டடச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறது. வரியைத் தாங்குவது குடியிருப்பவர். அப்பீல் செய்யும் உரிமைச் சீட்டில் பெயர் சொந்தக்காரருடையது. தேதி கடந்த பிறகே அவருக்கு விஷயம் தெரியவருகிறது. கருவி உள்ளவனுக்கு நியாயம், கருவி இல்லாதவனுக்கு வரி என்ற நிலை வருமானால், அதைச் சுயராஜ்யம் என்று எப்படிச் சொல்வது?

இதற்குப் பரிகாரம் வெகு தூரத்தில் இல்லை. 1970-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த குண்டூர் வழக்கை நினைவுகூர்வோம். ஒரு காலத்தில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த அவ்வூரில், வரி கொடுப்போர் சங்கமாகச் சேர்ந்து நகரசபையை எதிர்த்து நின்றார்கள். வாடகைச் சட்டப்படி நியாய வாடகைக்கு மேற்பட்டதை மதிப்பாகக் கொள்ளலாகாது என்ற தீர்ப்பைப் பெற்றார்கள். தனி ஒருவரால் ஆகாதது சங்கத்தால் ஆயிற்று. தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு வியாபாரிகள் சங்கங்கள் தத்தம் அங்கத்தினருக்காக ஒரு பொது மென்பொருளை வாங்கி, ஒரு குமாஸ்தாவை நியமித்து, எல்லாருடைய அளவையும் ரசீதையும் தேதியையும் அதில் பதிந்து வைக்கலாம். ஒரே தெருவில் ஒரே மாதிரியான இரு கடைகளுக்கு இரு மதிப்பு இருந்தால் அது அன்றே தெரிந்துபோகும்.

பிற நாடுகளின் படிப்பினை

ஹாலந்து தேசத்தில் நகரசபைகள் யந்திரக் கணக்கால் கட்டடங்களை மதிப்பிடுகின்றன. 2018 ஆகஸ்டில் அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஒரு சிறந்த தீர்ப்பை அளித்தது. தானே இயங்கும் கணக்கின்மேல் மதிப்பை நிறுவும் அதிகாரி, அக்கணக்கில் கொண்ட விவரங்களையும் அனுமானங்களையும் பிரஜை சரிபார்க்கும்படி வெளியிட வேண்டும். திறக்கமுடியாத பெட்டியைக் காட்டி வரி கேட்கக்கூடாது என்பது அதன் கருத்து. அமெரிக்காவில் சிகாகோ நகரம் அடங்கிய குக் ஜில்லாவில், ஏழைகளின் வீடுகள் மிகையாகவும் தனவந்தர்களின் வீடுகள் குறைவாகவும் மதிக்கப்பட்டதை 2017-ல் ஒரு பத்திரிகை அம்பலப்படுத்தியது. அப்பீல்கள் அநீதியைக் குறைக்கவில்லை. வக்கீல் வைக்கக்கூடியவர்களே அவற்றால் பயன் பெற்றமையால் அதிகப்படுத்தின. மறு வருஷத் தேர்தலில் மதிப்பீட்டு அதிகாரி தோற்றார். பின் வந்தவர் வீடுகளை மதிப்பிடும் மென்பொருளின் உள்ளெழுத்தையே உலகறிய வெளியிட்டார். அங்கே செய்ததை இங்கே செய்யமுடியாது என்பதற்கு நியாயம் ஒன்றும் நமக்குத் தோன்றவில்லை.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை

நம் வியாபார நண்பர்கள் கோபிக்கக்கூடாது. ஐந்து மாடி கட்டி மூன்று மாடிக்கு வரி கொடுப்பவரும், கடையைக் குடியிருப்பு என்று எழுதி வைப்பவரும் நகரத்தில் உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததையும், 2021 நவம்பரில் தியாகராய நகரத் தெருக்களில் நீர் தேங்கி நின்றதையும் யாரும் மறந்திருக்க முடியாது. கால்வாய் தூர்வாரப் பணம் வானத்திலிருந்து விழாது. ஒருவர் மறைத்த வரியை அடுத்த கடைக்காரர் சுமக்கிறார். அளவில் ஒளிவு மறைவின்றி இருப்பவனுக்கே அப்பீலில் வாய் திறக்க யோக்கியதை உண்டு.

நகரசபையிடம் நாம் வேண்டுபவை நான்கு. ஒவ்வொரு கேட்புச் சீட்டிலும் அளவு, விகிதம், உபயோகம், கழிவு எல்லாம் தமிழில் அச்சாக வேண்டும். தெருவாரி விகிதங்களும் அவற்றின் காரணமும் எவரும் காணும்படி இருக்கவேண்டும். யந்திரம் காட்டும் உயர்வை, ஆட்சேபம் வந்தால், ஒரு மனிதர் நேரில் சென்று அளந்து பார்த்துக் காரணத்தோடு உத்தரவிட வேண்டும். அப்பீல்கள் எத்தனை வந்தன, எத்தனை முடிந்தன, எத்தனையில் வரி குறைந்தது என்ற கணக்கை வருஷந்தோறும் சபையில் வைக்கவேண்டும். கவுன்சிலர்கள் இக்கணக்கைக் கேட்காவிடில், ஐந்து வருஷத்துக்கு மேல் அவர்கள் இல்லாதிருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் வித்தியாசம் என்ன?

கணிப்பொறியை நாம் வெறுக்கவில்லை. லஞ்சத்துக்கும் தாட்சண்யத்துக்கும் இடமின்றிக் கணக்குப் போட அது நல்ல ஊழியன். ஆனால் ஊழியன் எஜமானனாக அமரலாகாது. பார்தோலிக் குடியானவன் கேட்ட கேள்வியை, எந்தக் கணக்கின்மேல் என்ற அந்த ஒரே கேள்வியை, ரங்கநாதன் தெருவின் மிகச் சிறிய கடைக்காரனும் கேட்டு, அன்றைக்கே பதில் பெறவேண்டும். அந்நாள் வரும்வரை நமது தோழர்கள் தத்தம் வட்டாரத்தில் ரசீதுகளைச் சேர்த்து, அளவுகளைச் சரிபார்த்து, சங்கங்களைக் கட்டும் வேலையில் இறங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.