ஓடைக்கரைக் காவல்

சென்ற வாரம் பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளைப் பற்றியும், உறைபனிக்கு நடுவே அங்கே முதன்முதலாக உழைக்க வந்த யாழ்ப்பாணத்து இளைஞர்களைப் பற்றியும் எழுதியிருந்தேன். அவர்களில் பலர் பிற்காலத்தில் குடும்பஸ்தர்களாகித் தெற்கே இறங்கிக் குடியேறிய பிரதேசம், ஆஸ்லோ நகரின் வடகிழக்கே நீண்டு கிடக்கும் குரூருட் பள்ளத்தாக்கு. அப்பள்ளத்தாக்கின் ஓரத்தில், நகரச் சுரங்க ரயிலின் இரண்டாவது தடம் போய் முடிகிற குன்றை ஒட்டி, ஓஸ்ட்மார்கா வனத்தின் விளிம்பில் இருக்கிறது எல்லிங்ஸ்ருட். அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஒரு சிறு கடைத்தெரு, பள்ளிக்கூடம், அப்பால் ஊசியிலை மரங்கள் என்று சொல்லிவிட்டால் ஊரின் வர்ணனை முடிந்துவிடும். பிரயாணப் புத்தகங்களில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

ஆனால் ஒரு தேசத்தின் பாதுகாப்பு எவ்வெவற்றில் தங்கியிருக்கிறது என்று யோசிக்க உட்காருகிறவனுக்கு, இந்தச் சுற்றுவட்டாரத்தைப் போன்ற இடம் வேறு அகப்படாது. குன்றின் அடிவாரத்தை ஒட்டி ஓடுவது, நாட்டைத் தெற்கிலிருந்து வடகோடி வரை கோத்துச் செல்லும் ஈ-6 என்னும் ராஜபாட்டை. அடுத்த நகராட்சியான லோரன்ஸ்கூக்கில் இருப்பது, லட்சக்கணக்கான ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஆகெர்ஷூஸ் பல்கலைக்கழக மருத்துவமனை. எல்லிங்ஸ்ருட் எந்த வட்டத்தைச் சேர்ந்ததோ அதே ஆல்னா வட்டத்தில்தான் ஆல்னாபுரு என்ற சரக்கு ரயில் நிலையமும் இருக்கிறது. நார்வேயில் அதைவிடப் பெரிய சரக்கு நிலையம் இல்லை. மேற்கே பெர்கனுக்கும், வடக்கே டிரோன்ட்ஹைமுக்கும், ஸ்வீடன் வழியாகச் சுற்றிக்கொண்டு நார்விக் துறைமுகத்துக்கும், அதாவது 1940-ஆம் வருஷம் ஜெர்மானியரும் நேசநாட்டாரும் இரும்புத் தாதுக்காக மோதிக்கொண்ட அந்த நார்விக்குக்கும், அரிசி முதல் மருந்து வரை இங்கிருந்துதான் ஏற்றுமதியாகின்றன.

இத்தனை முக்கியமான ஸ்தலத்தின் கை கால்கள் ஒரு மழையில் முடங்கிப் போகக்கூடும் என்பதை 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் இந்நாட்டார் கண்டார்கள். 7-ஆம் தேதி தொடங்கி 9-ஆம் தேதி வரை, 'ஹான்ஸ்' என்று வானிலை ஆராய்ச்சிக் கழகம் பெயரிட்ட புயல்மழை தெற்கு நார்வேயின் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் கொட்டியது. ஆயிரக்கணக்கானோர் வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். பல இடங்களில் ராஜபாட்டை துண்டிக்கப்பட்டது. நாட்டின் மிக நீண்ட நதியான குளோம்மாவின் குறுக்கே பிராஸ்கரைட்ஃபாஸ் என்னுமிடத்தில் கட்டியிருந்த நீர்மின் நிலையத்தில், திறக்க வேண்டிய மதகுகள் திறக்க வேண்டிய வேளையில் திறவாமற்போகவே, வெள்ளம் மேலே வழிந்து மின் நிலையத்துக்குள் புகுந்தது. அணையின் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்துவிடலாமா என்று அதிகாரிகள் ஆலோசித்துக்கொண்டிருக்கையிலேயே, வெள்ளம் தானே அணையை உடைத்துக்கொண்டு போயிற்று. மழை ஓய்ந்து சில நாட்களான பிறகு, 14-ஆம் தேதியன்று, ரிங்கெபு என்ற ஊருக்கு அருகே லோகன் நதியின்மேல் நின்ற ரான்ட்கிளெவ் ரயில் பாலம் நீரில் சரிந்து விழுந்தது. ஆஸ்லோவையும் டிரோன்ட்ஹைமையும் இணைக்கும் டோவ்ரே ரயில் பாதை அதனால் அறுபட்டு, மறு வருஷம் மே மாதம்தான் மீண்டும் ஒன்றுசேர்ந்தது. ரோரோஸ் வழியாக வேறொரு பாதை உண்டு. ஆனால் அதில் மின்கம்பி கிடையாது, டீசல் இஞ்சின் பூட்டித்தான் வண்டியை இழுத்தாக வேண்டும்.

எதிரியின் ஆகாய விமானம் குண்டு வீசி அந்தப் பாலத்தைத் தகர்த்திருக்குமானால், அன்றே மந்திரிசபை கூடியிருக்கும், சேனாதிபதிகள் வரைபடங்களை விரித்திருப்பார்கள். மழை தகர்த்தபடியால் அது போக்குவரத்துச் செய்தியாகப் போய்விட்டது. பாலம் இல்லாத ஒன்பது மாத காலம் வடக்கே சேனையையோ தானியத்தையோ அனுப்ப வேண்டியவனுக்கு, அதை வீழ்த்தியது யார் என்ற கேள்வியால் ஆகப் போகிறது என்ன? வெப்பம் ஒரு பாகை ஏறினால் காற்று ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு அதிகமாக நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக சாஸ்திரத்தின் பழைய பாடம். தாங்கியது என்றாவது ஒருநாள் கீழே இறங்கத்தான் வேண்டும். பாலத்தின் அஸ்திவாரமோ பழைய மழையைக் கணக்கிட்டுப் போட்டது.

மழை வெள்ளமாவது கண்ணுக்குத் தெரிந்து வருகிறது. இந்தப் பிரதேசத்தில் கண்ணுக்குத் தெரியாத அபாயம் ஒன்று காலடியிலேயே இருக்கிறது. எல்லிங்ஸ்ருட்டிலிருந்து காரில் அரை மணி நேரப் பயணத்தில் யேர்ட்ரும் என்ற நகராட்சியும் அதன் மையமான ஆஸ்க் கிராமமும் வருகின்றன. 2020 டிசம்பர் 30-ஆம் தேதி விடியுமுன், ஏறக்குறைய நான்கு மணிக்கு, ஊர் உறங்கிக்கொண்டிருந்தபோது அக்கிராமத்தின் ஒரு பகுதி வீடுகளோடு சேர்ந்து உருகி ஓடியது. உருகி ஓடியது என்று அலங்காரத்துக்காக எழுதவில்லை. நிலம் உண்மையிலேயே திரவமாயிற்று. பத்துப் பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருத்தியின் வயிற்றிலிருந்த சிசுவும் மடிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

இதன் விவரம் தமிழ் வாசகர்களுக்குப் புதியதாக இருக்கும். பனியுகம் முடிந்த காலத்தில் ஆஸ்லோ வட்டாரத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 220 மீட்டர் வரை உயரத்தில் நின்றது. உப்பு நீரில் படிந்த களிமண் துகள்கள், சீட்டுக்கட்டை நிறுத்தி அடுக்கிய வீட்டைப்போல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, உப்பின் பிடிப்பினால் நிலைத்தன. பிறகு பனிப்பாறையின் பாரம் நீங்கி நிலம் மேலெழும்ப, கடலடி தரையாயிற்று. ஆயிரக்கணக்கான வருஷங்களாக மழைநீரும் ஊற்றுநீரும் ஊடுருவி அந்த உப்பைக் கழுவிக்கொண்டு போயின. மிஞ்சியிருப்பது உப்பில்லாத களிமண். ஆராய்ச்சிசாலையில் அதைச் செய்து காட்டுவார்கள். ஒரு கட்டியைக் கத்தியால் நறுக்கலாம். மேலே எடைக்கல்லை வைத்தால் தாங்கும். அதே கட்டியைக் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் கலக்கினால் ஒரு துளி நீரும் சேர்க்காமலே கூழாகி வழிந்துவிடும். ஒரு சிட்டிகை உப்பைத் தூவிக் கலக்கினால் மறுபடியும் இறுகும். 1893-ல் வேர்டால் என்னுமிடத்தில் இந்தக் களிமண் 116 பேரை விழுங்கிற்று. குரூருட் பள்ளத்தாக்கின் தாழ்நிலங்களிலும் அது இருக்கிறது. நீர்வள நிர்வாகம் தயாரித்த அபாய வரைபடங்களில் அவ்விடங்களைக் காணலாம்.

யேர்ட்ருமில் என்ன நடந்தது என்று விசாரிக்க அரசாங்கம் நியமித்த குழு 2021 செப்டம்பரில் தன் அறிக்கையைக் கொடுத்தது. பூகம்பம், வெடிவிபத்து போன்ற பெரிய காரணம் எதையும் அது சொல்லவில்லை. டிஸ்டில்பெக்கன் என்ற சிற்றோடை, சரிவின் அடியைப் பல வருஷங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து வந்திருக்கிறது, அந்த வருஷத்து இலையுதிர்காலம் வழக்கத்துக்கு மேல் ஈரமாக இருந்தது, இவ்விரண்டும் போதுமானவையாயின. நம் ஊரில் வாய்க்கால் என்றுகூடச் சொல்லத் தயங்குவோம், அவ்வளவு சிறிய ஓடை! அதன் கரையில் சரியான நேரத்தில் கல் பரவியிருந்தால் அந்தப் பத்து உயிர்களும் இருந்திருக்கும் என்ற எண்ணம், அறிக்கையைப் பற்றிப் படித்த நாளிலிருந்து என்னை விட்டு அகலவில்லை. தேசத்தின் எல்லைக்காவல் என்று நாம் போற்றுகிற காரியத்தில் ஓடைக்கரையைப் பார்வையிடும் நகராட்சிப் பொறியாளனுக்கும், மண்ணைத் துளையிட்டுப் பார்க்கும் பூகர்ப்ப சாஸ்திரிக்கும் உரிய இடத்தை இன்னும் நாம் கொடுக்கவில்லை.

நார்வே தேசத்தார் அந்த இடத்தைக் கொடுக்க முயல்கிறவர்கள் என்றே சொல்ல வேண்டும். 1940 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜெர்மானியப் படையிடம் அகப்பட்டு ஐந்து வருஷம் அவதிப்பட்ட ஜனங்கள் ஆனதால், ராணுவம், சிவில் நிர்வாகம், சாதாரணக் குடும்பம் ஆகிய மூன்றையும் ஒரே அரணாகப் பாவிக்கும் 'முழுப் பாதுகாப்பு' என்ற கொள்கையை யுத்தத்துக்குப் பின் வகுத்துக்கொண்டார்கள். பனிப்போர் முடிந்ததும் அது தூசி படிந்து கிடந்தது. அதைத் துடைத்தெடுக்க நியமித்த கமிஷன் தன் அறிக்கையை 2023 ஜூன் 5-ஆம் தேதி சமர்ப்பித்தது. ரஷ்யாவின் படையெடுப்பும் பருவநிலையின் மாறுதலும் அதில் ஒரே அட்டைக்குள் பேசப்பட்டன. இரண்டே மாதத்தில் ஹான்ஸ் வந்தது. 2025 ஜனவரியில் அரசாங்கம் வெளியிட்ட திட்டத்தின்படி, 8,000 பேர் கொண்ட சிவில் பாதுகாப்புப் படை 12,000 பேராக உயரப் போகிறது.

இதற்கிடையே 2024-ஆம் வருஷத்து இலையுதிர்காலத்தில், நாட்டிலுள்ள ஒவ்வொரு வீட்டுத் தபால் பெட்டியிலும் அரசாங்கத்தின் சிறு புத்தகம் ஒன்று வந்து விழுந்தது. வெள்ளமோ புயலோ யுத்தமோ, எது வந்தாலும் ஒரு வார காலம் பிறர் உதவியின்றி வீட்டில் இருப்பதற்கு வேண்டியவற்றை அதில் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்பு மூன்று நாளைக்கு என்றுதான் ஆலோசனை. எல்லிங்ஸ்ருட்டில் என்னை உபசரித்த யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருவர், சமையலறை அலமாரியைத் திறந்து தம் தயாரிப்புகளைக் காட்டினார். அரிசி, பருப்பு, இடியப்ப மா, மெழுகுதிரி, தீப்பெட்டி, பற்றரியில் பாடும் சிறிய வானொலி, தம் பிரஷர் மாத்திரைகள், மருந்துப் பெயர்கள் எழுதிய ஒரு துண்டுக் காகிதம்.

"எங்களுக்கு இது புதுசே தம்பி?" என்றார். "தொண்ணூறில கரண்ட் போனது போனதுதான். பற்றரிக்கும் தடை, மண்ணெண்ணெய்க்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோவில நியூஸ் கேட்டனாங்கள். ஜாம் போத்தல் விளக்கிலதான் பிள்ளையள் படிச்சதுகள். தண்ணிதான் இஞ்ச யோசினை. அங்க வளவுக்குள்ள கிணறு இருந்தது. இஞ்ச பைப்பில வராட்டி என்ன செய்யிறது?"

ஆளுக்கு 20 லிட்டர் நீர் சேமித்து வையுங்கள் என்பது புத்தகத்தின் பதில். அம்மாளின் கேள்வி அதைவிடப் பெரியது. ஆஸ்லோ நகரத்தின் குடிநீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மாரிடால் ஏரி என்ற ஒரே நீர்நிலையிலிருந்து வருகிறது. மழையிலேயே மூழ்கும் தேசத்துக்கு வறட்சி ஏது என்று கேட்பவர்கள் 2018-ஆம் வருஷத்துக் கோடையை நினைத்துக்கொள்ள வேண்டும். புல் கருகி, காடுகள் பற்றி எரிந்து, கால்நடைகளுக்குத் தீவனமின்றி விவசாயிகள் தவித்த கோடை அது. 2022-ல் தென்பகுதி நீர்த்தேக்கங்கள் பல வருஷங்களில் காணாத அளவுக்குத் தாழ்ந்தன. மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை நீர்வீழ்ச்சிகளிலிருந்து எடுக்கும் நாடு இது. அதே கோடையில் ரஷ்யா ஐரோப்பாவுக்கு அனுப்பும் எரிவாயுவைக் குறைத்துக்கொண்டே போயிற்று; கடலடிக் கம்பி வழியாக ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் மின்சாரம் அனுப்பலாமா, கூடாதா என்ற தகராறு ஆஸ்லோ பாராளுமன்றத்தை உலுக்கிற்று. வறட்சி ஒருபுறமும் யுத்தம் மறுபுறமுமாகப் பிடித்து இழுக்கும்போது, நேசநாடுகளின் சிநேகமே எப்படிச் சோதனைக்குள்ளாகிறது என்பதை அந்தச் சில மாதங்கள் காட்டின.

இவ்வளவையும் கண்ட பிறகு, 2021 டிசம்பர் 13-ஆம் தேதி ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் நடந்த வாக்கெடுப்பைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லியாக வேண்டும். பருவநிலை மாறுதலை உலக சமாதானத்துக்குரிய அபாயமாகக் கருத வேண்டும் என்று அயர்லாந்தும் நைஜரும் கொண்டுவந்த தீர்மானத்துக்கு நார்வே உள்ளிட்ட பன்னிரண்டு தேசங்கள் ஆதரவளித்தன; சீனா ஒதுங்கிக்கொண்டது; ரஷ்யா தன் ரத்து அதிகாரத்தால் அதை வீழ்த்தியது. ரஷ்யாவோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்த ஒரே தேசம் இந்தியா. நம் பிரதிநிதியாக அங்கே அமர்ந்திருந்தவர் தமிழரான டி. எஸ். திருமூர்த்தி. பருவநிலை விவகாரம் எல்லா தேசங்களும் கூடும் சபைக்கு உரியது, ஐந்து வல்லரசுகளின் கையில் அதை ஒப்படைத்தல் தகாது என்பது இந்தியாவின் வாதம். புகையை அதிகம் கக்கியவர்களே நீதிபதிகளாக உட்காருவார்கள் என்ற அச்சம் நியாயமானதுதான். பாதுகாப்பு என்ற பெயரால் அகதிகளுக்குக் கதவை அடைக்கவும் கூடும். அந்தக் கதவின் வழியாக வந்தவர்கள்தாம் எல்லிங்ஸ்ருட் தமிழர்கள்.

ஆயினும் அந்த நியாயம் நம்மைப் பாதி தூரம்தான் கொண்டு செல்கிறது. 1970 நவம்பர் 12-ஆம் தேதி கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். இஸ்லாமாபாத் காட்டிய அலட்சியத்தால் மூண்ட கோபம் அடுத்த மாதத் தேர்தலில் வெளிப்பட்டது. மறு வருஷம் யுத்தம் வந்தது, அதில் நம் சேனையும் இறங்கியது, ஒரு ராஜ்யம் இரண்டாயிற்று. புயல் மட்டுமே காரணம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். புயலை விட்டுவிட்டு அந்தச் சரித்திரத்தை எழுதவும் முடியாது. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, அரக்கோணத்திலுள்ள ராஜாளி கடற்படைத் தளத்தைப் பிரயாணிகளுக்குத் திறந்துவிட நேர்ந்தது. அன்றைக்கு அடையாற்றின் வெள்ளம் தேசப் பாதுகாப்பைச் சேர்ந்ததா, பொதுப்பணித் துறையைச் சேர்ந்ததா என்று யாரும் விவாதித்துக்கொண்டிருக்கவில்லை. வல்லரசுகளின் சபையில் வேண்டாம் என்று மறுத்துவிட்ட தேசம், அதே விஷயத்தைத் தன் வீட்டுக்குள் இரட்டிப்புக் கவனத்தோடு கையாளக் கடமைப்பட்டது. ஏரிக்கரைகளையும் சதுப்பு நிலங்களையும் காக்கிற ஊழியனுக்கு எல்லைப்புறச் சிப்பாய்க்கு உள்ள மதிப்பையும் பணத்தையும் கொடுப்பதுதான் அதன் முதற்படி என்பது என் திடமான அபிப்பிராயம்.

அம்மாள் கேட்ட தண்ணீர்க் கேள்விக்கு ஆஸ்லோ நகரம் தேடிக்கொண்டிருக்கும் விடை மேற்கே, ஹோல்ஸ்ஃபியோர்ட் என்ற ஏரியில் இருக்கிறது. அங்கிருந்து மலையைக் குடைந்து நகரத்துக்கு இரண்டாவது குடிநீர் வழி ஒன்றை அமைத்து வருகிறார்கள். 2028-ல் முடிப்பதாகத் திட்டம். அந்தச் சுரங்கத்தைப் பற்றியும், பாறையைக் குடைந்தெடுக்கும் இயந்திரங்களைப் பற்றியும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.