"வீட்டுக்கு வந்தா அடிப்பீங்களா?"

சென்ட்ரல் ரயில்வே ஸ்டேஷன். விடியற்காலை ஐந்து மணி. ராத்திரி ரயில்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கிற நேரம். பெட்டி படுக்கையோடு எல்லோரும் ஆட்டோ தேடி ஓட, ஒரு பையன் மட்டும் தூணோரமாக உட்கார்ந்திருக்கிறான். வயசு பதிமூணு இருக்கும். காலில் ஸ்கூல் ஷூ. மடியில் புத்தகப் பை. பைக்குள் இரண்டு சட்டை, பாதி தின்ற பிஸ்கெட் பாக்கெட், அடியில் அப்பா கையெழுத்துப் போடாத ரேங்க் கார்டு!

'யாருக்கோ காத்திருக்கான் போல' என்று நாமும் நகர்ந்துவிடுவோம். அவன் யாருக்கும் காத்திருக்கவில்லை. அவனுக்குப் போக இடமில்லை.

இது ஒரு தனிப் பையனின் கதை இல்லை. வருஷா வருஷம் இப்படி வந்து இறங்குகிற ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கதை.

பிள்ளை பிடிக்கிறவன் எங்கே?

நமக்கெல்லாம் பயம், பிள்ளை பிடிக்கிறவன் மேல்தான். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 2018-ம் வருஷம் நாடு முழுக்க ரயில்களிலும் ஸ்டேஷன்களிலும் ரயில்வே பாதுகாப்புப் படை மீட்ட குழந்தைகள் 17,112 பேர். அதில் கடத்தப்பட்டவர்கள் 87 பேர். தாங்களாகவே வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள் 13,187 பேர்!

அதாவது, நாலில் மூன்று பேருக்கு மேல் தன் காலாலேயே வாசலைத் தாண்டி வந்தவர்கள். வீடு இல்லாமல் இல்லை. இருக்கிற வீட்டில் இருக்க முடியாமல்!

"எங்க வீட்டுல அப்படியெல்லாம் நடக்காதுங்க..." என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

ஒரே நாளில் ஓடுவதில்லை

குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பா, தினம் நடக்கிற சண்டை, வறுமை, படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்புவது... இவை பெரிய காரணங்கள். ஆனால் காரும் ஃபிரிட்ஜும் உள்ள வீட்டிலிருந்தும் பிள்ளைகள் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே காரணம் மார்க். "அடுத்த வீட்டுப் பொண்ணைப் பாரு" என்ற ஒப்பீடு. சிலருக்கு, வெளியே சொல்லவே முடியாத காரணம்: நெருங்கிய உறவுக்காரர் ஒருவரின் தவறான தொடுதல்.

ஓட்டம் ரயிலில் தொடங்குவதில்லை. பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. முதலில் பாடம் பிடிபடாமல் போகிறது. பிறகு ஹோம்வொர்க் நிற்கிறது. அடுத்து "வயித்த வலிக்குதும்மா" என்று திங்கட்கிழமை லீவு. அப்புறம் வீட்டில் கிளம்பி, பள்ளிக்குப் போகாமல் சுற்றுவது. கடைசியில்தான் ஸ்டேஷன்.

இந்த இடத்தில் டாக்டருக்கு வேலை இருக்கிறது. போர்டில் எழுதியது தெரியாத பிள்ளை, 'கவனம் இல்லாத பிள்ளை' என்று பெயர் வாங்கும். ஒரு கண்ணாடி போட்டால் தீர்கிற விஷயம்! காது மந்தமாக இருக்கலாம். எழுத்துகள் தடுமாறுகிற டிஸ்லெக்சியா இருக்கலாம். ஓரிடத்தில் உட்கார முடியாத ஏ.டி.எச்.டி. இருக்கலாம். மனச்சோர்வு பெரியவர்களுக்கு அழுகையாக வந்தால், பிள்ளைகளுக்குப் பல சமயம் எரிச்சலாகவும் கோபமாகவும் வரும். இவற்றில் எதற்கும் மருந்து பிரம்பு இல்லை.

பிளாட்பாரத்தில் உடம்பு என்ன ஆகும்?

முதல் ராத்திரி பசியைவிடப் பெரிய பிரச்னை தூக்கம். யார் வந்து எழுப்புவார்களோ, யார் தொடுவார்களோ என்ற பயம். அரைத் தூக்கமே பழக்கமாகும்போது எரிச்சலும் மறதியும் வருகின்றன. குளிக்க, துவைக்க வழியில்லாததால் சொறி சிரங்கு. கிடைத்ததைத் தின்பதால் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை. கண்ணாடித் துண்டு கிழித்த சின்னக் காயம்கூட, கட்டுப் போட ஆளில்லாமல் சீழ் பிடிக்கும். கூட்டமாகப் படுக்கிற இடத்தில் காசநோய் சுலபமாகத் தொற்றும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, பசியையும் பயத்தையும் மறக்க இந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிற போதை. ஒயிட்னர், தின்னர், ஒட்டுகிற பசை இவற்றின் வாசனையை முகர்வது. பலவற்றில் டொலுவின் என்கிற ரசாயனம் உண்டு. இது மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். முதல் தடவையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போனதும் உண்டு.

பெண் குழந்தைகளுக்கும், ஏன், பையன்களுக்கும், பாலியல் கொடுமை நடக்கிற ஆபத்து முதல் நாளிலிருந்தே இருக்கிறது. "சாப்பாடு வாங்கித் தர்றேன் வா" என்று கூப்பிடுகிறவர் எல்லோரும் நல்லவர் இல்லை. அதனால்தான், முதல் சில மணி நேரத்துக்குள் நல்ல மனிதர் ஒருவர் கண்ணில் அந்தப் பிள்ளை படுவது அத்தனை முக்கியம்.

நீங்கள் பார்த்தால்...

தனியாக நிற்கிற பிள்ளையை அதட்டாதீர்கள். "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள். 1098-க்கு போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் இலவசம். 1996-ல் மும்பையில் தொடங்கிய இந்த உதவி எண் இப்போது அரசின் பொறுப்பில் இயங்குகிறது. ஸ்டேஷனாக இருந்தால் ரயில்வே போலீஸிடமும் சொல்லலாம்.

பாவம் பார்த்து நீங்களே வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன்படி, கண்டெடுத்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்த வேண்டும். திருப்பி அனுப்பலாமா, அந்த வீடு பாதுகாப்பானதா என்று விசாரித்து முடிவு செய்வது அந்தக் குழுதான்.

உங்கள் பிள்ளையையே காணோமா? 'ஒரு நாள் பார்ப்போம்' என்று மானத்துக்குப் பயந்து காத்திருக்காதீர்கள். காணாமல் போன குழந்தை பற்றிய புகாருக்கு உடனே வழக்குப் பதிய வேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

திரும்பி வந்த ராத்திரி

பிள்ளை கிடைத்துவிட்டான். வீட்டுக்கு வந்துவிட்டான். பிரச்னை தீர்ந்ததா? இல்லை. அன்றைக்கு ராத்திரி வீடு எப்படி நடந்துகொள்கிறதோ, அதை வைத்துத்தான் அவன் தங்குவதும் மறுபடி ஓடுவதும்.

* முதலில் சாப்பாடு, குளியல், தூக்கம். விசாரணை நாளைக்கு.

* அடிக்காதீர்கள். மாமா, சித்தப்பா எல்லோரையும் கூட்டி வைத்துப் பஞ்சாயத்தும் வேண்டாம்.

* "ஏன் ஓடினே?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வான். "எது தாங்க முடியாம போச்சு?" என்று கேளுங்கள். பதில் உங்களைக் குத்தினாலும் குறுக்கே பேசாதீர்கள்.

* ஒரு வாரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். காயம், தோல், கண், காது எல்லாம் பார்க்கட்டும். யாராவது தொட்டார்கள் என்று தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். மன ஆலோசனைக்கு 14416 டெலி மனஸ் எண் இருக்கிறது.

* பள்ளிக்கூடத்துக்கு நீங்களும் கூடப் போங்கள். கல்விச் சட்டம் 2009-ன்படி 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை, படிப்பு விட்டுப்போயிருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். டி.சி. இல்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. பள்ளியில் அடிப்பதும் அவமானப்படுத்துவதும் சட்டப்படி குற்றம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையனிடம் வீட்டு நம்பர் இருக்கிறது. மனப்பாடம்! போன் செய்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் அவன் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. "என்ன தப்பு செஞ்சிருந்தாலும் வீட்டுக்கு வா. முதல்ல சோறு, அப்புறம் பேச்சு." இந்த வார்த்தையை, பிள்ளை வீட்டில் இருக்கும்போதே ஒரு தடவை சொல்லி வையுங்கள்.

ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுகிற அன்றைக்கே சொன்னால் இன்னும் நல்லது.