வானிலிருந்து மழையை அளத்தல்

கொங்கு நாட்டுக் குடியானவரிடம் மழை எவ்வளவு பெய்தது என்று வினவினால், ‘ஓர் உழவு மழை’ என்றோ, ‘இரண்டு உழவு மழை’ என்றோ விடை கூறுவார். மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்பதே அவருடைய கணக்கு. விதைப்புக்கு அது சிறந்த கணக்கு என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரு மாவட்டம் முழுவதிலும் எவ்வளவு மழை குறைந்தது, வறட்சி என்று அறிவிக்கத்தக்க நிலை வந்துவிட்டதா என்பனவற்றை அறிய அது போதாது. வறட்சியைத் தீர்மானிக்கும் அளவுகோல்களுள் மழைக் குறைவே முதன்மையானது. ஆகவே மழையின் அளவைச் சரியாக அறிவது ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உரிய பொறுப்பாகும்.

நமது பகுதியில் இதற்குத் தனித் தேவையும் உண்டு. கோவைச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்தது. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாற்றில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. கோவை நகரில் 600 முதல் 700 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல ஆண்டு என்கிறோம். சூலூரில் கொட்டிய மழை பல்லடத்தில் தூறலாகவும் விழாமற் போவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம்.

மழைமானியும் அதன் எல்லையும்

மழையை நேரில் அளக்கும் கருவி மழைமானி. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர். கணக்கு எளிது. ஆயினும் மழைமானியின் வாய் ஒரு சாண் அகலத்துக்கும் குறைவு. அது தன் மேல் விழுந்த மழையை மட்டுமே அறியும். அடர்ந்த காட்டிலும் கடலின் மேலும் மழைமானிகளை நிறுவுவதும் எளிதன்று. இக்குறையைப் போக்கவே விஞ்ஞானிகள் வானத்தை நாடினர்.

செயற்கைக்கோள் மழையைக் காணும் விதம்

1960 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கா ஏவிய டைராஸ்-1 முதன்முதலாக வானிலைக்கெனவே அமைந்து வெற்றி கண்ட செயற்கைக்கோள். அது மேகங்களைப் படம் பிடித்தது. ஆனால் மேகத்தைக் காண்பது வேறு, மழையை அளப்பது வேறு. மேகம் எவ்வளவு உயரம் வளர்கிறதோ அவ்வளவுக்கு அதன் உச்சி குளிர்ந்திருக்கும். எனவே, சுழியத்துக்குக் கீழ் 38 பாகை செல்சியசுக்கும் குளிர்ந்த மேகம் எவ்வளவு பரப்பில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து, அதிலிருந்து மழையை மதிப்பிடும் முறையைப் பிலிப் ஆர்க்கின் என்னும் அறிஞர் வகுத்தார். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இந்தியாவை இடைவிடாது நோக்கும் இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களும் இத்தகைய மதிப்பீட்டுக்கு உதவுகின்றன.

இம்முறை பிழையற்றதன்று. உயரத்தில் மிதக்கும் மெல்லிய மேகம் மிகக் குளிர்ந்திருந்தும் ஒரு துளியும் தராது. அதற்கு மாறாக, நமது மலைச்சரிவில் தாழத் தவழும் மேகம் அவ்வளவு குளிராமலே நன்கு பொழிந்துவிடும். முன்னதை மழையென்றும் பின்னதை வறட்சியென்றும் கருவி மயங்கக்கூடும்.

ஆதலால் மேகத்தை ஊடுருவிக் காணும் நுண்ணலைக் கருவிகள் தேவையாயின. அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து 1997 நவம்பரில் ஏவிய டி.ஆர்.எம்.எம். செயற்கைக்கோள், வானிலிருந்து மழையை நோக்கும் ரேடாரை முதன்முதலாகத் தாங்கிச் சென்றது. கிணற்றில் கல்லைப் போட்டு, ஓசை வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை மதிப்பது போல, ரேடார் தான் அனுப்பிய அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு மழை எந்த உயரத்தில் உள்ளது என அறிகிறது. திரும்பிய அலையின் வலிமையைக் கொண்டு அதன் கடுமையை மதிக்கிறது. அச்செயற்கைக்கோளின் பணி 2015இல் முடிந்தது. அதற்கு முன்பே, 2014இல், ஜி.பி.எம். என்னும் அதன் வாரிசு ஏவப்பட்டது. நமது நாடும் பிரான்சும் கூட்டாக அமைத்த மேகா-டிராபிக்ஸ் 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. பணி முடிந்தபின் 2023 மார்ச்சில் கட்டுப்பாட்டுடன் கீழே இறக்கப்பட்டது.

ஓர் ஆராய்ச்சியாளரின் பணி

இவ்வளவு அளவுகளும் உழவருக்குப் பயன்படவேண்டுமாயின், அவை வருமுன் கூறும் கணிப்பாக மாறவேண்டும். இத்துறையில் நீண்ட காலம் உழைத்தவர் டி. என். கிருஷ்ணமூர்த்தி (1932–2018). இந்தியாவில் பிறந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1959இல் டாக்டர் பட்டம் பெற்று, புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். செயற்கைக்கோள் கண்ட மழையளவைக் கணிப்பின் தொடக்க நிலையிலேயே கணினிக்கு ஊட்டும் முறையை அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். பல கணினிக் கணிப்புகளை ஒன்றுசேர்க்கும் முறையை 1999இல் வெளியிட்டனர். ஊரில் மழைக்குறி சொல்லும் பெரியவர் பதின்மர் இருந்தால், யார் கடந்த ஆண்டுகளில் எவ்வாறு தவறினார் என்பதை அறிந்து அவரவர் சொல்லுக்குத் தக்க மதிப்பளிப்போம் அல்லவா? அம்முறையின் சாரம் அதுவே.

நாம் செய்யவேண்டுவது

செயற்கைக்கோள் வந்தபின் மழைமானி எதற்கு என்று சிலர் கேட்கலாம். பல செயற்கைக்கோள்களின் அளவுகளை இணைத்துத் தரப்படும் உலக மழைக் கணக்கில் ஒரு கட்டம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் உடையது. அதனுள் பல கிராமங்கள் அடங்கும். அக்கட்டத்தின் சராசரி, நமது ஊரின் மானாவாரிச் சோளக்காடு காய்ந்ததைக் காட்டாது. அன்றியும், அக்கணக்கின் இறுதி வடிவம் தரையிலுள்ள மழைமானிகளின் அளவோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்ட பின்னரே சில மாதங்கள் கழித்து வெளிவருகிறது. வானத்துக் கருவிக்கும் தரைக் கருவியே சாட்சி.

ஆகவே ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு மழைமானி இருத்தல் நலம். அருகிலுள்ள மரம், கட்டடம் ஆகியவற்றின் உயரத்தைப் போல இரு மடங்குக்குக் குறையாத தூரத்தில், திறந்த வெளியில் அதை நிறுத்தவேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து, மழையில்லாத நாளில் சுழியம் என்றும் தவறாமல் குறிக்கவேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் அக்கணக்கைப் படித்துக் காட்டலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் தரும் அறிவுரைகளை அத்துடன் ஒப்புநோக்கினால், விதைப்புக்கு உரிய நாளைத் துணிவது எளிதாகும்.

மழை பொய்த்த ஆண்டில் உதவி கோரி நாம் செல்லும்போது, வாய்ச்சொல்லைவிட வலிமையானது நாள் தவறாது எழுதிய ஒரு குறிப்பேடு. அதைத் தொடங்க இந்த மழைக்காலமே ஏற்ற காலம்.