மண்ணில் பிறக்கும் ஈ: மணல் ஈயும் கருங்காய்ச்சலும்

சேலம் மாவட்டத்துக் குப்பனூர் போன்ற சேர்வராயன் மலையடிவார ஊர்களில் காய்ச்சல் என்றதும் கொசுவும் தேங்கிய நீருமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் நீரை நாடாமல் ஈரமண்ணிலேயே பிறந்து வளர்ந்து, கருங்காய்ச்சல் என்னும் ஒட்டுண்ணி நோயைப் பரப்பும் பூச்சி ஒன்றும் உண்டு. அதுவே மணல் ஈ. அதன் வாழிடத்தை அறியாமல் அது பரப்பும் நோயைத் தடுக்க இயலாது.

பூச்சியின் இயல்பு

கொசுவைவிடச் சிறியதாய், 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே கொண்ட இந்த ஈ, உடலெங்கும் மயிர் படர்ந்து, அமரும்போது இறக்கைகளை மேல்நோக்கி விரித்து வைத்திருக்கும். நெடுந்தூரம் பறக்கும் வலிமை இல்லாததால் தத்தித் தத்தியே நகரும். ஆணும் பெண்ணும் செடிகளின் இனிப்புச் சாற்றை உண்டாலும், முட்டை முதிர்வதற்கு இரத்தம் தேவைப்படுவதால் பெண் ஈ மட்டுமே, பெரும்பாலும் இரவில், கடிக்கிறது.

சாணமும் சுவர் வெடிப்பும்

சாணமும் மட்கிய இலையும் கலந்த ஈரமண், மண்சுவரின் வெடிப்பு, மாட்டுக் கொட்டகையின் இருண்ட மூலை ஆகியவை இதன் வாழிடங்கள். அங்கு இடப்படும் முட்டையிலிருந்து வெளிவரும் புழு மட்கிய பொருள்களை உண்டு, நான்கு பருவங்களைக் கடந்து, கூட்டுப்புழுவாகிப் பின் ஈயாகிறது. இந்தியாவில் கருங்காய்ச்சலைப் பரப்பும் ‘பிளெபோடோமஸ் அர்ஜென்டிப்பஸ்’ என்னும் இனம் மாட்டின் இரத்தத்தையே பெரிதும் விரும்புகிறது. எனினும் கொட்டகையை ஒட்டி மனிதர் உறங்கினால் அவர்களையும் கடிக்கிறது.

சென்னையில் தெளிந்த உண்மை

‘காலா அசார்’ எனப்படும் கருங்காய்ச்சலை உண்டாக்குவது ‘லீஷ்மேனியா டோனோவானி’ என்னும் ஓரணு உயிரி. இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மனும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவனும் 1903இல் தனித்தனியே இதனை அறிவித்தனர்; அவ்விருவர் பெயரையும் இணைத்து ரொனால்டு ராஸ் அதற்குப் பெயரிட்டார். மணல் ஈயின் கடியால் இந்நோய் மனிதருக்குத் தொற்றுகிறது என்பதை 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் நிறுவினர்.

இன்று இந்நோய் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களின் 54 மாவட்டங்களையே நிலைக்களனாகக் கொண்டுள்ளது. சேலம் அவற்றுள் ஒன்றன்று. ஆயினும் கேரளத்தின் அகத்தியமலைப் பகுதியில் காணி பழங்குடியினரிடையே லீஷ்மேனியா தொற்று பதிவாகியுள்ளது. இலங்கையிலோ இதே ஒட்டுண்ணி பெரும்பாலும் தோற்புண்ணாக வெளிப்படுகிறது. ஆகவே தென்னகம் இந்நோய்க்கு அப்பாற்பட்டது எனக் கருத இடமில்லை.

அறிகுறியும் சிகிச்சையும்

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், மண்ணீரல் வீங்கி வயிறு உப்புதல், உடல் மெலிதல், இரத்தசோகை ஆகியவை கருங்காய்ச்சலின் முதன்மை அறிகுறிகள். சிகிச்சை பெறாதவர்களில் மிகப் பெரும்பாலோர் உயிரிழப்பர்; ஆனால் எளிய இரத்தப் பரிசோதனையால் கண்டறியவும், மருந்தால் முற்றிலும் குணப்படுத்தவும் இயலும். நோயுள்ள மாநிலங்களுக்குச் சென்று வந்தவர்களும் அங்கிருந்து வேலைக்கு வந்தவர்களும் தம் பயண விவரத்தை மருத்துவரிடம் கூறுவது நோயை விரைந்து அறிய உதவும்.

தடுப்பு

மாட்டுக் கொட்டகையை உறங்கும் இடத்திலிருந்து விலக்கி அமைப்பதும், சாணத்தை அன்றாடம் அகற்றி எருக்குழியில் சேர்ப்பதும், சுவர் வெடிப்புகளைப் பூசி அடைப்பதும் ஈ பெருகும் இடங்களைக் குறைக்கும். சாதாரணக் கொசுவலையின் கண்களில் இந்த ஈ நுழைந்துவிடக்கூடும் என்பதால், நெருங்கிய கண்களுடைய வலைக்குள், தரையில் அல்லாமல் கட்டிலில் உறங்குவது நல்லது. தேங்கிய நீரைத் தேடி அகற்றும் கைகள் கொட்டகையின் ஈரமண்ணையும் கவனிக்கும்போதுதான் காய்ச்சல் தடுப்பு முழுமை பெறும்.