டிரெயின் நட்டின் வாஷர்: வேன் வைத்திருப்போர் கவனத்திற்கு

தில்லி சரோஜினி நகர்ச் சந்தைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற ஆறு நாள்களும் ஆடைப் பொதிகளைச் சுமந்து வரும் வேன்களைப் பணிமனைக்கு அனுப்ப அதுவே ஏற்ற நாள். இத்தகைய வேன்களில் பல, வங்கிக் கடனில் வாங்கப்பட்டவை. கடன் பெறும்போது வட்டி விகிதத்தையும் தவணைக் காலத்தையும் நுணுகிக் கேட்கும் வாடிக்கையாளர்களும், இன்ஜின் ஆயில் மாற்றும் நாளில் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. டிரெயின் நட்டுக்குப் புது வாஷர் போட்டாயிற்றா என்பதே அக்கேள்வி.

இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் தொட்டியைப் பணிமனைகளில் ஆயில் சேம்பர் என்பர். பழைய எண்ணெயை வடிப்பதற்கு அதன் அடிப்புறத்தில் ஒரு துளை உண்டு. அத்துளையை அடைக்கும் திருகே டிரெயின் நட்டு. நட்டின் தலைக்கும் சேம்பருக்கும் நடுவே அமரும் மெல்லிய வளையம்தான் நாம் பேச எடுத்துக்கொண்ட வாஷர். திருகின் மரையே எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் மரையின் வேலை நட்டை இறுகப் பிடித்திருப்பது மட்டுமே. மரைகளின் இடுக்கில் எண்ணெய் ஊர்ந்து வர வழி இருக்கிறது. அவ்வழியை அடைப்பது வாஷர்.

செம்பாலும் அலுமினியத்தாலும் செய்த வாஷர்களே மிகுதி. ரப்பர் பூசிய எஃகு வாஷர்களும், நார்ப்பொருளால் ஆனவையும் உண்டு. செம்பும் அலுமினியமும் மென்மையானவை. நட்டை முடுக்கும்போது வாஷர் நசுங்கி, சேம்பரின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களிலும் மேடுபள்ளங்களிலும் நிறைந்துகொள்கிறது. ஒரு முறை நசுங்கிய உலோகம் இறுகிவிடும். அடுத்த முறை அதே இணக்கத்தோடு அது படியாது. செம்பைத் தட்டத் தட்டக் கடினமாகும், நெருப்பிலிட்டால் மீண்டும் இளகும் என்பது பாத்திரம் செய்யும் கன்னார் நன்கறிந்த செய்தி. இதையறிந்த சில மெக்கானிக்குகள் பழைய செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சி மீண்டும் பயன்படுத்துவதுண்டு. கெட்டிச் செம்புக்கு அது பொருந்தும். மற்ற வகைகளுக்குப் பொருந்தாது. புது வாஷரின் விலை பெரும்பாலும் நூறு ரூபாயைத் தாண்டாது என்பதால், இந்தச் சிக்கனத்தில் பெரிய பொருள் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

பழைய வாஷரையே போட்டால் என்ன ஆகும்? பல நேரங்களில் ஒன்றும் ஆகாது. அதுவே இவ்வழக்கம் நீடிப்பதற்குக் காரணம். கசியத் தொடங்கினாலும் மிக மெதுவாகவே கசியும். நிமிடத்துக்கு ஒரு துளி என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1,440 துளிகள். மூன்று வாரங்களில் அது ஒரு லிட்டரை நெருங்கக்கூடும். சிறு வேனின் இன்ஜினில் இருப்பதோ ஏறத்தாழ மூன்று லிட்டர்தான். இன்ஜின் ஓடிச் சூடேறும்போது எண்ணெய் நீர்த்து, கசிவு மேலும் விரைவாகும். ஓட்டுநர் முன்னால் எரியும் சிவப்பு விளக்கு எச்சரிக்கும் என்று நம்பியிருப்பதும் சரியன்று. பொதுவாக அவ்விளக்கு காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தை, அளவை அன்று. அழுத்தம் குறைந்து விளக்கு எரியும் வேளையில் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள் தேயத் தொடங்கியிருக்கலாம்.

இதைவிடத் தீய விளைவு ஒன்றுண்டு. சொட்டுவதைக் கண்டவர் நட்டை இன்னும் கொஞ்சம் முடுக்குவார். மறுநாளும் சொட்டினால் நீண்ட ஸ்பானரை எடுப்பார். சேம்பர் அலுமினியத்தால் ஆனதாயின் அதன் மரை எஃகு நட்டுக்கு ஈடுகொடுக்காமல் அறுந்துபோகும். பிறகு புது மரை வெட்ட வேண்டும், அல்லது சேம்பரையே மாற்ற வேண்டும். இறுகிப்போன வாஷரின் குறையை முடுக்கித் தீர்க்க முயல்வதாலேயே இவ்வளவும் நேர்கிறது.

பணக் கணக்குக்கு வருவோம். வழக்கமான மோட்டார் காப்பீட்டுப் பாலிசி, தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏற்பதில்லை. இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியே பிரீமியம் செலுத்தி எடுக்கும் கூடுதல் காப்பீடும், பெரும்பாலும் அடியில் கல் மோதுவது போன்ற வெளி அடியால் எண்ணெய் ஒழுகினால்தான் பயன்படும்; பராமரிப்புக் குறையால் நேர்ந்த சேதத்துக்கு அதை நம்ப இயலாது. எனவே செலவு உரிமையாளருடையது. வேன் பணிமனையில் நிற்கும் நாள்களில் வாடகை வருமானம் நின்றுவிடும், மாதத் தவணை நிற்காது. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அடுத்த கடனுக்கு விண்ணப்பிக்கும்போதும் அதன் தடம் தெரியும்.

வாஷரை வாங்குகையில் வண்டியின் மாடலைச் சொல்லி, அதற்குரிய அளவில் வாங்குதல் வேண்டும். 2019இல் உற்பத்தி நின்ற ஆம்னிக்கும், 2010 முதல் விற்பனையில் உள்ள ஈக்கோவுக்கும் ஒரே வாஷர் பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னாலும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். தில்லியில் உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றது காஷ்மீரி கேட். அங்கு ஒரே நேரத்தில் நான்கைந்தாக வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்வது நல்லது; வாஷர் கைவசம் இல்லை என்ற பேச்சுக்கே இடமிராது.

பணிமனையில் கவனிக்க வேண்டியவற்றுள் முதன்மையானது, பழைய வாஷர் எங்கே என்பது. நட்டோடு வராமல் அது சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. அதைக் காணாமல் புதியதை மேலே போட்டால் இரண்டு வாஷர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமரும். புதியது போட்டும் ஒழுகுகிறதே என்ற குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம். பழையதைக் கையில் வாங்கிப் பார்த்துவிடுவது எளிது. பரப்பைத் துணியால் துடைத்தபின் நட்டை முதலில் விரலால் பல சுற்றுத் திருக வேண்டும். கோணலாக ஏறினால் விரலுக்கே தெரிந்துவிடும். இறுதி முடுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் பயன்படுத்தச் சொல்லுங்கள். சிறு வேன்களில் இது பொதுவாக 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை அமையும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். டெஃப்லான் நாடாவோ பசையோ வாஷருக்கு ஈடாகா. பசையின் துணுக்கு உள்ளே போய் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும் அபாயமும் உண்டு.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற விடாதீர்கள். பயன்படுத்திய எண்ணெய், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கே அது செல்ல வேண்டும்.

புது எண்ணெய் ஊற்றியதும் இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தி, அடியில் விரலால் தடவிப் பாருங்கள். அன்றிரவு வேனின் கீழே ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் கறை இருந்தால், நட்டை நீங்களே முடுக்க முயலாமல், டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்துவிட்டு, சந்தைக்குக் கிளம்புமுன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.